ஆர் நிரல்மொழி: ஒரு மழைமானிக்கு மட்டும் ஆண்டு மழை 0 என்று வருகிறது

மழைமானி:
வேளாண் வானிலையில் ஆய்வு மாணவி நான். ஒன்பது மழைமானிகள், ஒரு வருடத் தினசரி அளவு, மானிக்கு ஒரு கோப்பு. அளவு எடுக்காத நாளில் -99 என்று போட்டிருக்கிறார்கள். அதைத் தூக்கிவிட்டுக் கூட்டுகிறேன்:

மழை <- மழை[-விச்(மழை == -99)]
சம்(மழை)

எட்டு மானிக்கு விடை சரி. கால்குலேட்டரில் கூட்டியே பார்த்துவிட்டேன். ஏழாவதுக்கு மட்டும் 0. பிழைச் செய்தியும் இல்லை. கோப்பைத் திறந்தால் நவம்பரில் ஒரே நாளில் 140 மி.மீ. இருக்கிறது! நாளை மறுநாள் கைடிடம் காட்ட வேண்டும்.

சதுர_அடைப்பு:
ஏழாவது கோப்பில் எத்தனை -99 இருக்கிறது என்று எண்ணுங்கள். ஒன்றுகூட இருக்காது, பந்தயம்.

மழைமானி:
ஆமாம் அண்ணா, ஒன்றுகூட இல்லை! அந்த மானியைப் பார்க்கிற பெரியவர் தீபாவளி அன்றும் அளவு எடுத்திருக்கிறார். அதற்கும் 0-க்கும் என்ன சம்பந்தம்?

சதுர_அடைப்பு:
அவர் ஒழுங்காக எழுதியதுதான் வினையாகப் போயிற்று. நிபந்தனைக்குப் பொருந்தும் இடங்களின் எண்களைத்தான் விச் தருகிறது. பொருந்துவது எதுவும் இல்லையென்றால் காலி வெக்டர், அதாவது ஒன்றும் இல்லாத எண் வரிசை. காலிக்கு முன்னால் மைனஸ் போட்டாலும் அது காலிதானே? ஆக, 'எதையும் நீக்காதே' என்று நீங்கள் நினைத்தது, ஆருக்கு 'எதையும் எடுக்காதே' என்று போய்ச் சேர்கிறது. காலி வெக்டரின் கூட்டுத்தொகை 0, அதனால் பிழையும் வராது. நானும் இதில் ஒருமுறை அரை நாளைத் தொலைத்திருக்கிறேன்.

விச்சை விடுங்கள். மழை[மழை != -99] போதும்.

பைத்தான் நிரல்மொழியிலிருந்து வந்தவர் என்றால் இன்னொன்று: மழை[-1] என்பது இங்கே கடைசி நாள் இல்லை, முதல் நாளை விட்டுவிட்டு மீதி எல்லாம்.

மழைமானி:
வந்துவிட்டது! ஏழாவதுக்கு 1,112 மி.மீ. அப்புறம் ஒன்று. ஒன்பதையும் சேர்த்து நாள், மாதம், மானி என்று 31 × 12 × 9 அரே (பல பரிமாண அட்டவணை) ஆக்கினேன். பிப்ரவரி 30 மாதிரி இல்லாத நாட்களுக்கு என்ஏ, அதாவது 'மதிப்பு இல்லை'. 150-க்கு மேல் எங்கே என்று விச் கேட்டால் 1450 என்று ஒரே எண் வருகிறது. இது எந்த ஊர், எந்த நாள்?

பழைய_ஃபோர்ட்ரான்:
ஃபோர்ட்ரான் என்ற பழைய நிரல்மொழியின் வழக்கம்தான் அம்மா, எண்ணும்போது முதல் பரிமாணமான நாள்தான் முதலில் ஓடும். ஒரு மானிக்கு 31 × 12 = 372 இடம். மூன்று மானி 1116-இல் முடிகிறது, மீதி 334. பத்து மாதத்துக்கு 310 போனால் மீதி 24. நாலாவது மானி, நவம்பர் 24. கணக்குப் போட அலுப்பாக இருந்தால் விச்சுக்குள் 'ஏஆர்ஆர்.இண்ட் = ட்ரூ' என்று சேருங்கள், நாள், மாதம், மானி என்று மூன்றாகப் பிரித்துத் தரும்.

அரேயில் -99-ஐ நீக்கப் பார்க்காதீர்கள், வடிவம் குலைந்து நீள வெக்டர் ஆகிவிடும். இப்படி மாற்றுங்கள்:

மழை[மழை == -99] <- என்ஏ

பிறகு கூட்டும்போது 'என்ஏ.ஆர்எம் = ட்ரூ' போட்டால் என்ஏக்களை விட்டுவிட்டுக் கூட்டும். இன்னொரு குழி: மழை[ , 11, மானிகள்] என்று எடுக்கும்போது அந்தப் பட்டியலில் ஒரே மானி இருந்தால் பரிமாணம் கழன்றுவிடும், அதன்மேல் அப்ளை (பரிமாணம் வாரியாகக் கணக்கிடும் கட்டளை) போட்டால் முரண்டு பிடிக்கும். பரிமாணம் கழலாமல் இருக்க, அடைப்புக்குள் கடைசியில் 'ட்ராப் = ஃபால்ஸ்' எழுதிப் பழகுங்கள்.

மழைமானி:
நன்றி சார். நாலாவது மானி, நவம்பர் 24-இல் 163 என்று இருக்கிறது. சுற்றியுள்ள மானிகளில் அன்று 15, 17 தான். கையெழுத்துப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன்: 16.3. தட்டச்சு செய்தவர் புள்ளியை விட்டிருக்கிறார்.