ஸ்டோயிக் பயிற்சியில் பணிவுக்குப் பதில் அலட்சியம் வருகிறதே, எங்கே பிசகு?

தெற்குக்காற்று:
ஸ்டோயிக் என்ற பழைய கிரேக்க-ரோமானியத் தத்துவத்தைப் பின்பற்றிய ரோமாபுரிச் சக்கரவர்த்தி மார்க்கஸ் அரேலியஸ் எழுதிய குறிப்புகளில் வரும் ‘மேலிருந்து பார்க்கும்’ பயிற்சி பற்றி ஒரு சந்தேகம். கண்ணை மூடி அறை, தெரு, ஊர், பூமி என்று விரித்துக்கொண்டே போனால் மனசு லேசாகிறது. ஆனால் ஆபீசுக்குப் போனதும் மற்றவர்கள் படும் கவலையெல்லாம் சில்லறை விஷயமாகத் தெரிகிறது. நம் வேலையில் யாராவது தப்பு சொன்னால் மட்டும் சுருக்கென்று கோபம் வருகிறது. பணிவு வருவதற்கு இதை எப்படிச் செய்ய வேண்டும்?

ஏட்டுச்சுவடி:
பாதியில் நிறுத்திவிடுகிறீர்கள், அதுதான் பிசகு. ஒன்பதாம் புத்தகத்தின் 30ஆம் குறிப்பை எடுத்துப் பாருங்கள். மக்கள் கூட்டம், சடங்குகள், புயலிலும் அமைதியிலும் போகும் கப்பல்கள் என்று மேலிருந்து பார்த்துக்கொண்டே வருகிறார். பிறகு எங்கே வந்து நிற்கிறார்? உன் பெயரே தெரியாதவர்கள் எத்தனை பேர், சீக்கிரமே மறந்துவிடப் போகிறவர்கள் எத்தனை பேர், இன்று புகழ்ந்துவிட்டு நாளை தூற்றப் போகிறவர்கள் எத்தனை பேர் என்று கேட்கிறார். ரோமாபுரிச் சக்கரவர்த்தி அங்கே சிறிதாக்குவது தன் புகழை. அடுத்தவர் கவலையை அல்ல.

அதனால் ஏறுவதற்கு மூன்று நிமிடம் போதும். மேலே போனதும், நேற்று எதை நினைத்துப் பெருமைப்பட்டீர்களோ அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அது எத்தனை பேருக்குத் தெரியும், அடுத்த வருடம் யார் அதைப் பேசுவார்கள் என்று பாருங்கள். பிறகு நிதானமாக இறங்க வேண்டும். பூமி, ஊர், ஆபீஸ், பக்கத்து மேஜை, அங்கே உட்கார்ந்திருப்பவர். அவர் இன்று முடிக்க வேண்டிய வேலை என்ன, அதில் உங்கள் பங்கு என்ன என்பதில் வந்து முடியுங்கள். இறங்குவதற்கு ஏறியதைவிட இரண்டு மடங்கு நேரம் கொடுங்கள்.

பூமி, வானம் என்பது கைக்கு எட்டாத விஷயமாகத் தோன்றினால் நான்காம் புத்தகம் 32. ஏறக்குறைய நூறு வருடத்துக்கு முந்தைய வெஸ்பாசியன் சக்கரவர்த்தியின் காலத்தை (கி.பி. 69–79) நினைத்துப் பார்க்கச் சொல்கிறார். கல்யாணம் செய்தார்கள், பிள்ளை வளர்த்தார்கள், வியாபாரம் செய்தார்கள், பதவிக்கு ஆசைப்பட்டார்கள். ஒருவரும் இன்று இல்லை. உங்கள் நாற்காலியில் முப்பது வருடத்துக்கு முன் உட்கார்ந்திருந்தவர் யார் என்று கேட்டாலும் அதே வேலை நடக்கும்.

நிதானம்:
தப்பு சொன்னால் கோபம் வருவதற்குக் காலைப் பயிற்சி மட்டும் போதாது. அதற்கு இன்னொரு ஸ்டோயிக் தத்துவவாதியான செனெக்காவின் இரவுக் கணக்கு வேண்டும். கோபத்தைப் பற்றிய நூலின் மூன்றாம் பகுதியில் இருக்கிறது: விளக்கை எடுத்த பிறகு, மனைவியும் பேச்சை நிறுத்திய பிறகு, அன்றைய நாள் முழுவதையும் திரும்பப் பார்ப்பார். இந்தப் பழக்கம் செக்ஸ்டியஸ் என்பவரிடமிருந்து எடுத்துக்கொண்டது. இன்று எந்தக் கெட்ட பழக்கத்தைக் குணப்படுத்தினாய், எந்தக் குறையை எதிர்த்து நின்றாய், எந்த வகையில் தேறியிருக்கிறாய்? கேள்வி இந்த மூன்றுதான்.

பலருக்கு இது அடுத்தவரை விசாரிக்கும் கோர்ட்டாக மாறிவிடும். ‘மேனேஜர் எல்லார் முன்னாலும் அப்படிச் சொன்னார்’ என்று ஆரம்பித்தால் அன்றைய கணக்கு வீண். ‘நான் முழுசாகக் கேட்காமலே பதில் சொன்னேன்’ என்று, ஒவ்வொரு வாக்கியமும் ‘நான்’ என்று தொடங்கட்டும். செனெக்கா தரும் உதாரணமும் அப்படித்தான்: ஒருவரை அளவுக்கு மீறிக் கண்டித்ததால் அவர் திருந்தவில்லை, புண்பட்டதுதான் மிச்சம். சொல்வது உண்மையா என்பதோடு, கேட்பவரால் தாங்க முடியுமா என்பதையும் பார்க்க வேண்டும் என்கிறார்.

எதிர்ப்பக்கம் சாய்ந்து தன்னையே திட்டிக்கொண்டிருப்பதும் கூடாது. ‘இனி செய்யாதே, இப்போது மன்னிக்கிறேன்’ என்று சொல்லி அவர் முடித்துவிடுவார். இரண்டு மூன்று சம்பவம், பத்து நிமிடம். அதற்கு மேல் போனால் தூக்கம்தான் கெடும்.

கரிசல்:
மேலே சொன்னதோடு, எபிக்டெட்டஸ் என்ற ஸ்டோயிக் ஆசிரியர் சொன்ன ஒரு வழி. யாரோ உன்னைக் குறை சொன்னார் என்று கேள்விப்பட்டால் வாதாடாதே. ‘என்னுடைய மற்ற குறைகள் அவருக்குத் தெரியாது போலிருக்கிறது, தெரிந்திருந்தால் இதோடு விட்டிருக்க மாட்டார்’ என்று சொல் என்கிறார். நேரடியாக வேலையில் தப்பு சொன்னால் அவ்வளவுகூட வேண்டாம். ‘எந்த இடத்தில் என்று காட்டுங்கள்’ என்று கேட்டு, அவர் முடிக்கும்வரை வாயைத் திறக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

இன்னொன்று: இந்தப் பயிற்சி செய்வதை வெளியே சொல்லிக்கொண்டு திரியாதீர்கள். நான்கு பேரிடம் சொன்னால் அதுவே ஒரு புதுப் பெருமையாகிவிடும். எபிக்டெட்டஸ் இதில் ரொம்பக் கண்டிப்பு.

தெற்குக்காற்று:
நன்றி, இறங்கும் பகுதி இருப்பதே தெரியாது. காலையில் மார்க்கஸின் இரண்டாம் புத்தகத்தின் முதல் குறிப்பைப் படிக்கலாமா? ‘இன்று நன்றி கெட்டவர்களைச் சந்திப்பேன்’ என்று வருமே, அது.

ஏட்டுச்சுவடி:
படிக்கலாம், ஆனால் முதல் வாக்கியத்தோடு நிறுத்தினால் பழைய வியாதியே திரும்ப வரும். அது வெறும் பட்டியல்: தலையிடுகிறவர், நன்றி கெட்டவர், பொறாமைக்காரர். நல்லது கெட்டது தெரியாததால் அப்படி இருக்கிறார்கள், ஆனாலும் அவர்கள் என் உறவு என்று அடுத்து வருகிறது. கால்கள், கைகள், இமைகள், மேல்வரிசை கீழ்வரிசைப் பற்கள் போலச் சேர்ந்து வேலை செய்யவே பிறந்திருக்கிறோம் என்ற வரிவரைக்கும் தினமும் படியுங்கள். நேரம் இல்லாத நாளில் பட்டியலை விட்டுவிட்டு அந்த வரியை மட்டும் படித்தால் போதும்.