'ஈரமின்' வேண்டாம், 'ஈரப்பத மின்னாக்கம்' என்போம்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

காற்றின் ஈரப்பதத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் முறைக்கு 'ஈரமின்' என்ற சொல் முன்வைக்கப்பட்டிருக்கிறது. நீர்மின், அனல்மின், அணுமின் வரிசையில் அழகாகத்தான் அமர்கிறது. ஆனால் 'ஈரமின்றி', 'ஈரமின்மை' என்று எழுதிப் பழகிய நமக்கு, ஈரமின் என்றதுமே 'ஈரம் இல்லாமல்' என்றுதான் படிக்க வரும். ஈரத்தாலேயே இயங்கும் ஒன்றுக்கு இப்படியொரு பெயரா? 'காற்று மின்சாரம்' என்றால் காற்றாலை, 'நீராவி மின்சாரம்' என்றால் அனல்மின் நிலையம். இரண்டும் உதவாது.

பெயர் வைக்குமுன் உள்ளே நடப்பதைப் பார்த்துவிடுவோம். 2020இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் ஜுன் யாவ், டெரெக் லவ்லி குழுவினர், ஜியோபாக்டர் என்னும் பாக்டீரியா உண்டாக்கும் புரத நானோ கம்பிகளைக் கொண்டு சுமார் 7 மைக்ரோமீட்டர் தடிமனில் ஒரு படலம் செய்தார்கள். அடிப்பக்கம் முழுவதும் தங்க மின்முனை. மேலே இருப்பதோ சிறியது, படலத்தில் ஒரு பகுதியை மட்டுமே மூடும். திறந்த மேற்பரப்பு காற்றின் ஈரத்தை வாங்கிக்கொள்ளும்; கீழே போகப்போக ஈரம் குறையும். இந்த ஏற்றத்தாழ்வு சுமார் அரை வோல்ட் மின்னழுத்தம் தருகிறது. வெயிலும் வேண்டாம், வீசும் காற்றும் வேண்டாம்!

அதே வளாகத்தில் 2023இல் வெளியான ஆய்வு இன்னும் வியப்பானது. புரதம்தான் வேண்டும் என்பதில்லை. 100 நானோமீட்டருக்கும் (மைக்ரோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு) குறுகிய துளைகள் நிறைந்த பொருளாக இருந்தால் போதும். நீர் மூலக்கூறு காற்றில் இன்னொன்றின்மீது மோதாமல் செல்லும் தொலைவு ஏறத்தாழ அவ்வளவுதான். துளை அதைவிடக் குறுகலானதால் மூலக்கூறு சுவரில் மோதி மோதியே இறங்குகிறது. மேலே மோதல் அதிகம், கீழே குறைவு. மின்னூட்டத்தில் வேறுபாடு அப்படித்தான் உண்டாகிறது.

வானிலை அறிக்கை கேட்கும் யாருக்கும் 'ஈரப்பதம்' புரியும். 'ஈரப்பதமானி' முன்பே இருக்கிறது. எனவே நிகழ்வுக்கு 'ஈரப்பத மின்னாக்கம்', கருவிக்கு 'ஈரப்பத மின்னாக்கி' என்கிறேன். சற்று நீளம்தான். இருந்தாலும் பள்ளிப் பிள்ளைக்கு விளக்கவுரை தேவைப்படாத சொல்.

துளையை மட்டும் 'நுண்துளை' என்று விட்டுவிடாதீர்கள். நுண்ணோக்கி, நுண்ணுயிரி வழியாக 'நுண்' மைக்ரோவுக்கு ஊன்றிவிட்டது. மைக்ரோமீட்டர் அகலத் துளையிலோ மூலக்கூறுகள் சுவரைவிட ஒன்றோடொன்றுதான் அதிகம் மோதும். 'நானோ துளை' என்றே எழுதலாம். நானோவையும் தமிழாக்கி 'மீநுண்துளை' வேண்டும் என்பவர்கள் கம்பியையும் 'மீநுண்கம்பி' என்று எழுத ஒப்புக்கொண்டால் எனக்கு மறுப்பில்லை.