மலைப்பாதையில் மோதிய கார்: கிளெய்ம் போடுவதா, கைக்காசு செலவழிப்பதா?

கேள்வி: குன்னூர்வாசி

அனைவருக்கும் வணக்கம். சென்ற வாரம் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறிக்கொண்டிருந்தபோது, பர்லியாரைத் தாண்டிய ஒரு கொண்டை ஊசி வளைவில், எதிரே இறங்கிவந்த வெளியூர்க் கார் தன் பக்கத்தை விட்டு விலகி வந்து என் காரின் வலது முன்பக்கத்தில் மோதியது. யாருக்கும் காயமில்லை. பம்பர் உடைந்து, ஃபெண்டர் உள்ளே நசுங்கிவிட்டது. டிங்கரிங், பெயிண்டிங் உட்பட 18,000 ரூபாய் ஆகும் என்று பட்டறையில் சொல்கிறார்கள். எதிரே வந்தவர் "இன்சூரன்ஸில் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். வண்டிகள் நின்ற நிலையையும் அவருடைய பதிவு எண்ணையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

என் கார் 1,200 சிசி, ஐந்தாம் ஆண்டில் ஓடுகிறது. முழுக் காப்பீடு உண்டு. பம்பர் டு பம்பர் (தேய்மானம் கழிக்காத கூடுதல் காப்பீடு) எடுக்கவில்லை. இதுவரை கிளெய்ம் எதுவும் செய்யாததால் பிரீமியத்தில் 45 சதவீதத் தள்ளுபடி போனஸாகக் கிடைத்துவருகிறது. அமெரிக்காவில் இருக்கும் என் மைத்துனர், அங்கே விபத்து ஓட்டுநரின் பதிவேட்டில் ஏறினால் சில ஆண்டுகளுக்குப் பிரீமியம் உயர்ந்துவிடும் என்கிறார். இங்கும் என் உரிமத்தில் இது ஏறுமா? நான் கிளெய்ம் செய்வது நல்லதா?

பதில்: ஓய்வுபெற்ற காப்பீட்டு சர்வேயர்

ஐயா, முதலில் உரிமத்தைப் பற்றிய கவலையை விடுங்கள். அமெரிக்க மாநிலங்களில் காப்பீட்டு நிறுவனம் ஓட்டுநரின் பதிவேட்டை வாங்கிப் பார்த்துப் பிரீமியத்தைக் கணக்கிடுகிறது. நம் நாட்டில் தனியார் காருக்கான பிரீமியம் பெரும்பாலும் வண்டியையே சுற்றிவருகிறது. ஐடிவி (வண்டியின் காப்பீட்டு மதிப்பு), சிசி, வண்டியின் வயது, பதிவான ஊர், கிளெய்ம் வரலாறு ஆகியவைதான் நம் வண்டியின் பழுதுக்கான சொந்தச் சேதப் பிரீமியத்தைத் தீர்மானிக்கின்றன. பிறருக்கு விளையும் இழப்புக்கான மூன்றாம் நபர் பிரீமியத்தை அரசு நிர்ணயிப்பதால் அது எந்த விபத்தாலும் கூடுவதில்லை; உங்கள் சிசி வகைக்கு 2022 ஜூன் முதல் அறிவிக்கப்பட்டது 3,416 ரூபாய்.

உங்களுக்கு உண்மையில் இழப்பு வரும் இடம் போனஸ்தான். கிளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்கு அது 20, 25, 35, 45, 50 சதவீதம் என ஏறுகிறது. சொந்தச் சேதத்துக்கு ஒரே ஒரு கிளெய்ம் செய்தாலும் அடுத்த புதுப்பித்தலில் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும், தவறு யாருடையதாக இருந்தாலும் சரி. போனஸ் கழிக்காத சொந்தச் சேதப் பிரீமியம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளெய்ம் செய்யாவிட்டால் அடுத்த ஆண்டிலிருந்து 50 சதவீதம் கழிந்து 6,000 ரூபாய் கட்டுவீர்கள். செய்தால் முதல் ஆண்டு 12,000, பிறகு 9,600, 9,000, 7,800, 6,600 என்று மெல்ல இறங்கி, அதற்கும் பிறகுதான் பழைய நிலைக்கு வருவீர்கள். கூடுதலாகக் கட்டும் தொகை மொத்தம் 15,000 ரூபாய். ஐடிவி ஆண்டுதோறும் குறைவதால் நடைமுறையில் சற்றுக் குறையலாம்.

இனி கைக்கு வருவதைப் பாருங்கள். பாகம் பழசானதற்காகக் கழிக்கும் தேய்மானம் பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம். நான்கு முதல் ஐந்து வயதுள்ள வண்டியின் உலோகப் பாகங்களுக்கு 35 சதவீதம். பெயிண்டிங் கட்டணத்தில் கால் பங்கைப் பொருள் செலவாகக் கொண்டு அதில் பாதியைக் கழிப்பார்கள். பம்பர் 6,000, ஃபெண்டர் 4,000, கூலி 3,000, பெயிண்டிங் 5,000 எனப் பிரிந்தால் 12,975 ரூபாய் தேறும். 1,500 சிசி வரையுள்ள கார்களுக்குக் கட்டாயக் கழிவு (நாமே ஏற்க வேண்டிய தொகை) 1,000 ரூபாய் போக மிஞ்சுவது 12,000 ரூபாய்க்குள்தான். பதினைந்தைக் கொடுத்துப் பன்னிரண்டை வாங்குவதில் எனக்குச் சம்மதமில்லை. கிளெய்ம் செய்தாலும் போனஸைக் காக்கும் போனஸ் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவு உங்கள் பாலிசியில் இருந்தால் மட்டும் இந்தக் கணக்கு மாறும்.

பதில்: கோத்தகிரி ஆசிரியை

சர்வேயர் ஐயா சொல்வது சரியே என்றாலும், சேதம் பெரிதாகும்போது தயங்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். எங்கள் ஊர்ச் சாலையில் காட்டெருமை ஒன்று தேயிலைத் தோட்டத்திலிருந்து பாய்ந்து என் தங்கையின் காரின் பக்கவாட்டில் இடித்தபோது இரண்டு கதவுகளையும் மாற்ற வேண்டியிருந்தது. எதிராளி என்று கைகாட்ட ஆளில்லாத அத்தகைய நிலையில் சொந்தச் சேதப் பிரிவுதான் ஒரே வழி. மழைக்காலத்தில் மண்சரிவிலோ, மேலேயிருந்து உருளும் பாறையிலோ வண்டி சிக்கினாலும் அதே பிரிவில் இழப்பீடு உண்டு. வெறும் மூன்றாம் நபர் பாலிசியோடு மலையில் ஓட்டுபவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

குன்னூர்வாசி

மிக்க நன்றி ஐயா, நன்றி அம்மா. கிளெய்ம் செய்யவில்லை என்றே முடிவெடுக்கிறேன். ஆனால் தவறு செய்தவர் போய்விட, நான் 18,000 ரூபாய் சுமப்பது நியாயமாகப் படவில்லை. அவருடைய காப்பீட்டிலிருந்து பெற வழியுண்டா?

பதில்: ஊட்டி வழக்கறிஞர்

வழியுண்டு, ஆனால் குறுக்கு வழி இல்லை. அவருடைய நிறுவனத்துக்கு நேராகப் பில் அனுப்பினால் பெரும்பாலும் பணம் வராது. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில்தான் மனு செய்ய வேண்டும். எதிராளி எந்த ஊரைச் சேர்ந்தவராக இருந்தாலும், விபத்து நடந்ததும் நீங்கள் வசிப்பதும் நீலகிரி என்பதால் இங்கேயே தாக்கல் செய்யலாம். 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தின்படி விபத்து நடந்த ஆறு மாதங்களுக்குள் மனு செய்தாக வேண்டும். தனியார் காரின் பாலிசியில் பிறர் சொத்துச் சேதத்துக்கு வழக்கமான வரம்பு ஏழரை லட்சம் ரூபாய் என்பதால் தொகை ஒரு தடையே இல்லை. இவ்வழியில் பெறுவது உங்கள் போனஸைத் தொடாது.

காவல் நிலையத்தில் இன்னும் சொல்லவில்லை என்றால் இன்றே எழுதிக் கொடுத்துச் சிஎஸ்ஆர் ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது) வாங்குங்கள். பிறர் சொத்துக்குச் சேதம் விளைந்த விபத்தை 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்கும் கடமை மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவில் ஓட்டுநருக்கு உண்டு. அதை அவர் செய்தாரா என்பதும் அப்போது தெரியவரும். இரண்டு வண்டிகளுக்கு ஒருசேர இடம் போதாத மலைப்பாதையில் இறங்குபவர் ஏறுபவருக்கு வழிவிட வேண்டும் என்ற விதியும் உங்கள் பக்கம் நிற்கிறது, படங்களில் சாலையின் அகலம் தெரிந்தால்.

உரிமத்தைப் பற்றி ஒரு சொல். காப்பீட்டு கிளெய்ம் உரிமத்தில் ஏறாது. ஆனால் அசட்டையாக ஓட்டியதாக வழக்குப் பதிவாகித் தண்டனை கிடைத்தால் அது நீதிமன்றப் பதிவில் நிற்கும், உரிமத்தை இடைநிறுத்தவும் சட்டத்தில் இடமுண்டு. அந்தக் கவலை இங்கே அவருக்குத்தான். இவ்வளவு சிறிய தொகைக்கு நான் முதலில் வழக்குப் போடச் சொல்லமாட்டேன். அரசின் வாகன விவரச் செயலியான எம்பரிவாகனில் பதிவு எண்ணை இட்டு அவருடைய காப்பீட்டு நிறுவனத்தைத் தெரிந்துகொண்டு, பட்டறை மதிப்பீட்டையும் சிஎஸ்ஆர் நகலையும் இணைத்து, அவருக்கும் நிறுவனத்துக்கும் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்புங்கள். பலர் அந்த நிலையிலேயே பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள்.