சேவல் பெட்டை பிரிக்காத குஞ்சு வாங்கியவர்களுக்குச் சேவல் மிகுந்தால் என்ன செய்வது?

பொள்ளாச்சிக்கு அருகே 200 முட்டை கொள்ளும் இன்குபேட்டரில் சிறுவிடை என்னும் நாட்டுக்கோழி இனக் குஞ்சுகளைப் பொரித்து, ஒரு வார வயதில், சேவல் பெட்டை பிரிக்காமல் ஒன்று 70 ரூபாய்க்கு விற்று வருகிறேன். முட்டைக்காக வாங்கிச் சென்றவர்கள், இரண்டு மாதம் கழித்துக் கொண்டை சிவந்து சேவலா பெட்டையா என்று தெரியும்போது, பத்தில் ஏழு சேவலாக இருப்பதைக் கண்டு, பெட்டைகளை நான் ஒதுக்கிக்கொண்டதாகக் குறை கூறுகிறார்கள். தை மாதம் முதல் இவ்வாறு நால்வர் வந்துவிட்டனர்.

சராசரி பாதிக்குப் பாதி என்றாலும் பத்துக் குஞ்சில் ஏழு சேவல் வருவது அரிதன்று என்று விளக்கினேன். ரசீதிலும் எழுதிக் கொடுத்தேன். சிறகைப் பார்த்துப் பிரிக்கும் முறை அதற்கென உருவாக்கப்பட்ட இனங்களுக்கே பொருந்தும் என்பதால் என் குஞ்சுகளிடம் பலிக்கவில்லை. (கூர்முனை முட்டையில் சேவல் பிறக்கும் என்ற ஊர்ப் பேச்சையும் சோதித்துப் பார்த்து ஏமாந்தேன்.) ஒருவருக்கு மட்டும் சேவலை வாங்கிக்கொண்டு பெட்டை கொடுத்தேன், வெளியிலிருந்து திரும்பும் கோழியால் வெள்ளைக்கழிச்சல் என்னும் தொற்றுநோய் புகுந்துவிடுமோ என்று அஞ்சி அதையும் நிறுத்திவிட்டேன்.

இரண்டு மாதம் வளர்த்துப் பெட்டைகளை மட்டும் தனியே விற்பவர்கள், தீவனச் செலவையும் மிஞ்சும் சேவல்களையும் கணக்கில் கொண்டு விலையை எவ்வாறு நிர்ணயிக்கிறீர்கள்?