மாவோரி வட்டாரம் மாதிரி ஒண்டு யாழ்ப்பாணத்துக்குக் கேட்கலாமோ?

குருநகர்க் காத்து:
யாழ். மாநகர சபைக்கு 27 வட்டாரம், 45 உறுப்பினர். வட்டார எல்லைகளைத் திருத்தச் சொல்லி எங்கட சனசமூக நிலையத்தால ஒரு மகஜர் தயாராகுது. 1990 ஒக்ரோபரில வெளியேற்றப்பட்டுத் திரும்பி வந்திருக்கிற முஸ்லிம் குடும்பங்களுக்குச் சபையில நிச்சயமான ஒரு ஆசனம் இருக்கோணும் எண்டது அதில ஒரு கோரிக்கை. வரைவில "நியூசிலாந்தில மாவோரி மக்களுக்கு இருப்பது போன்ற தனி வட்டாரம்" எண்டு எழுதியிருக்கு. (மாவோரி எண்டது அந்த நாட்டின்ர பூர்வீகக் குடிகள்.) ரெண்டு கேள்வி. மாவோரி வட்டாரத்துக்கு ஆசனக் கணக்கு எப்பிடிப் போடுறாங்கள்? அது இங்க சரிவராட்டி, இரட்டை அங்கத்தவர் வட்டாரம் (ஒரு வட்டாரத்தால ரெண்டு பேர் தெரிவாகிறது) எண்டு கேட்டால் காணுமோ?

கணக்குப்பெட்டி:
மாவோரி வட்டாரம் எண்டது மாவோரிகள் குடியிருக்கிற தெருக்களை மட்டும் வெட்டி எடுத்துக் கோடு கிழிக்கிறது இல்லை. பொது வட்டாரங்களுக்கு மேல விரிச்ச இன்னொரு பாய் அது. ஒரே வீட்டில தாய் மாவோரி வாக்காளர் இடாப்பிலயும் தகப்பன் பொது இடாப்பிலயும் இருந்தால், தபாலில ரெண்டு பேருக்கும் வேற வேற வட்டார வாக்குச்சீட்டு வரும். மேயர் தெரிவு மட்டும் ரெண்டு பேருக்கும் பொது. மாவோரி வட்டாரத்தில கேட்கிற வேட்பாளர் மாவோரியாக இருக்கவேணும் எண்ட கட்டாயமும் இல்லை. வாக்காளர் ஆர் எண்டதுதான் சங்கதி.

கணக்கு இதுதான்: மாவோரித் தேர்தல் சனத்தொகையை, மாவோரி, பொது ரெண்டின்ர கூட்டுத்தொகையால பிரிச்சு, மேயரை விட்டு மிச்ச உறுப்பினர் தொகையால பெருக்குங்கோ. பின்னம் அரையைத் தாண்டினால் அடுத்த முழு எண், தாண்டாட்டிக் கீழ. 10 உறுப்பினர் சபை, பொது 30,000, மாவோரி 6,000 எண்டு வையுங்கோ. 6,000 / 36,000 × 10 = 1.67. ஆக 2 ஆசனம்.

ஆக்கள் வழுக்கிற இடம் ரெண்டு. "மாவோரித் தேர்தல் சனத்தொகை" எண்டது இடாப்பில பதிஞ்ச தலைகளின்ர எண்ணிக்கை இல்லை. வாக்கு வயது வராத பிள்ளைகளையும் விகிதப்படி சேர்த்துக் கணிக்கிற தொகை. மற்றது, சபையைச் சிறுப்பிச்சால் ஆசனம் காத்தில போகும். 36,000 சனத்தில 1,900 மாவோரி எண்டால், 10 உறுப்பினருக்கு 0.53, ஒரு ஆசனம். அதே சபையை 9 ஆக்கினால் 0.475, ஒண்டும் இல்லை. "செலவைக் குறைக்க உறுப்பினர் தொகையைக் குறைக்கிறம்" எண்டு எவராவது சொன்னால் முதலில இந்தப் பெருக்கலைப் போட்டுப் பாக்கவேணும்.

வேலணைப் பனை:
நியூசிலாந்தில வட்டார, ஆசன ஏற்பாட்டை மீளாய்வு செய்யிறது சட்டப்படி கட்டாயம். 2001 உள்ளூர்த் தேர்தல் சட்டத்தின்படி ஆகக் கூடினது 6 வருசத்துக்கு ஒருக்கா சபையே செய்யவேணும். முதல் முன்மொழிவு, சனத்திட்ட இருந்து எழுத்துமூலக் கருத்து, இறுதி முன்மொழிவு, பிறகு மேன்முறையீடு. முடிவு உள்ளூராட்சி ஆணைக்குழுவின்ர கையில.

அதோட கூட்டல் கழித்தல் 10 வீத விதி. மேல போட்ட உதாரணத்தில பொது ஆசனம் 8 மிஞ்சும். 30,000 / 8 = 3,750. எந்தப் பொது வட்டாரத்திலயும் ஒரு உறுப்பினருக்கு 3,375 இல் இருந்து 4,125 சனத்துக்குள்ள நிக்கவேணும். தனிச்சுக் கிடக்கிற சமூகத்துக்கு விலக்குக் குடுக்கலாம், ஆனால் விலக்கு எடுத்தால் ஒருத்தரும் முறையிடாட்டிலும் கோப்பு ஆணைக்குழுவுக்குப் போயே தீரும். குறிகட்டுவானில நெடுந்தீவுப் படகு விடாத காத்து நாளை நினைச்சால், அந்த விலக்கு என்னத்துக்கு எண்டு நெடுந்தீவாருக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் மாவோரி வட்டாரத்தை அசையாத ஏற்பாடு எண்டு மகஜரில எழுதாதேங்கோ. நியூ பிளிமத் சபை மாவோரி வட்டாரம் வைக்க 2014 இல் தீர்மானிச்சதை 2015 வாக்கெடுப்பில 83 வீதம் கவிழ்த்தது. 5 வீத வாக்காளர் கையெழுத்து வைச்சால் வாக்கெடுப்பு எண்ட அந்த விதியை 2021 இல் எடுத்தாங்கள், 2024 இல் திரும்பக் கொண்டுவந்தாங்கள். 2025 ஒக்ரோபரில 42 சபைகளில வாக்கெடுப்பு நடந்து பாதிக்கு மேல வேண்டாம் எண்டு போச்சு. அது 2028 தேர்தலில இருந்து நடைமுறை.

ஒழுங்கை முடக்கு:
இனி இங்கத்த நிலைமை. தனி வட்டாரத்துக்குத் தனி இடாப்பு வேணும். எங்கட இடாப்பில இனம் எண்ட நிரலே இல்லை. 1920களில சட்டசபையில முஸ்லிம், பறங்கி, இந்தியர், ஐரோப்பியர் எண்டு இனவாரி ஆசனம் இருந்தது. 1931 டொனமூர் அரசியலமைப்போட அது போயிட்டுது. ஆகவே மாவோரி மாதிரி எண்டு கேட்டால், வாக்காளர் பதிவையே மாத்தச் சொல்லிக் கேட்கிறீங்கள். வட்டார எல்லைக் குழுவுக்கு அந்த அதிகாரம் இல்லை. முதல் பக்கத்திலயே கோப்பை மூடிவிடுவினம்.

இரட்டை அங்கத்தவர் வட்டாரம் இன்னும் பெரிய பொறி. கலந்து வாழுற இடத்துக்கெண்டுதான் அதை வைச்சது, ஆனால் வாக்கு ஒண்டுதான், அதுவும் கட்சிக்கு. கூட வாக்கு எடுத்த கட்சியின்ர ரெண்டு பேரும் உள்ள போவினம். 55 வீதம் எடுத்தவைக்கு ரெண்டு ஆசனம், 45 வீதம் எடுத்தவைக்கு அந்த வட்டாரத்தில பூச்சியம். வெல்லுற கட்சி தன்ர சோடியில ஒருத்தரைச் சிறுபான்மையில இருந்து நிறுத்தினால் மட்டுந்தான் பலன்.

குருநகர்க் காத்து:
அப்ப இரட்டை அங்கத்தவர் பந்தியை வெட்டுறம். மிச்சம் என்ன இருக்கு?

ஒழுங்கை முடக்கு:
ரெண்டு வழி. ஒண்டு, எல்லை. 1,500 வாக்குள்ள வட்டாரத்தில ஒரு சமூகத்திட்ட 600 இருந்தால், மும்முனைப் போட்டியில 40 வீதம் வெல்லக் காணும். அதே 600 ஐ மூண்டு வட்டாரத்துக்கு 200 படி பிரிச்சால் ஓரிடமும் இல்லை. மகஜரில இந்தக் கணக்கைத்தான் காட்டவேணும்.

மற்றது மேலதிகப் பட்டியல், வட்டாரத்தால வாறது போக மிச்ச ஆசனங்களை நிரப்புற பட்டியல். செல்லுபடியான வாக்கு 45,000 எண்டால், 45 ஆல் பிரிக்க ஆசனத்துக்கு 1,000. ஒரு கட்சி 9,000 எடுத்தால் 9 ஆசனத்துக்கு உரித்து. வட்டாரத்தில 6 வெண்டிருந்தால் 3 பட்டியலால வரும். அந்த மூண்டும் ஆருக்கு எண்டு முடிவெடுக்கிறது கட்சிச் செயலாளர், அதுவும் தேர்தல் முடிஞ்ச பிறகு. வேட்புமனுவில பேர் இல்லாத ஆளைப் பிறகு செருக ஏலாது. ஆகவே பேரம் பேசுற காலம் வேட்புமனுவுக்கு முந்தித்தான். பேச்சில வாங்காமல் எழுத்தில வாங்குங்கோ.

வேலணைப் பனை:
எல்லைப் பகுதிக்குக் கொஞ்சம். கிராம அலுவலர் பிரிவு வாரியாக அட்டவணை போடுங்கோ: பிரிவு இலக்கம், சனத்தொகை, இடாப்பு வாக்காளர். மூண்டையும் தனித்தனி நிரலில. இடாப்பு பெப்ரவரி 1 இல் வதியுற இடத்தை வைச்சுத்தான். வெளியேற்றப்பட்டுப் போய் இன்னும் புத்தளத்தில பதிஞ்சபடி இருக்கிற ஆள் இங்கத்த கணக்கில வரமாட்டார். அவரையும் சேர்த்து எழுதி, அலுவலகத்தில இடாப்போட ஒப்பிட்டுப் பிழை பிடிச்சால் முழு மகஜரும் சந்தேகத்துக்குள்ள போயிடும்.

ஒரு கிராம அலுவலர் பிரிவை நடுவால பிளக்கிற எல்லையைத் தவிருங்கோ. வர்த்தமானியில எல்லை எழுதுறது வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு எண்ட ஒழுங்கில, வீதிப் பேரால. நீங்களும் அப்பிடியே எழுதுங்கோ. வீதியின்ர எந்தப் பக்கம் உங்கட வட்டாரத்துக்கு எண்டும் குறியுங்கோ, இல்லாட்டி எதிரெதிர் வீடுகள் ரெண்டு வட்டாரத்திலயும் வராமல் விடுபடும். ஒழுங்கையளுக்குப் பழைய பேர், புதுப் பேர் ரெண்டும் போடவேணும்.