மோனோகுளோனல் ஆன்டிபாடி: 'ஒற்றை இலக்கு' வேண்டாம், 'ஒருகொடிவழி' இருக்கட்டும்

நண்பர்களுக்கு வணக்கம். நம் அகராதியில் 'மோனோகுளோனல் ஆன்டிபாடி'க்கு என்ன தமிழ்ச்சொல் போடுவது என்ற பேச்சில் வந்த கருத்துகளுக்கு என் பதில் இது. ஆன்டிபாடியைக் கீழே எதிர்ப்பொருள் என்கிறேன்: அந்நியப் பொருளைப் பிடிக்க உடல் செய்யும் புரதம்.

> 'ஒற்றை இலக்கு எதிர்ப்பொருள்' என்றே வைக்கலாமே. படித்ததும் விளங்குகிறது.

விளங்குகிறது, ஆனால் வேறொன்று விளங்குகிறது. 1975இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் எலியின் பி செல்லை (எதிர்ப்பொருள் செய்யும் செல்) சாகாமல் பெருகும் மயலோமா என்ற புற்றுச் செல்லோடு இணைத்தார்கள். அப்படிக் கிடைத்த ஹைப்ரிடோமா செல் ஒன்றைத் தனியே பிரித்து வளர்த்தால், அதன் வழிவந்த செல்கள் எல்லாம் ஒரே எதிர்ப்பொருளைச் சுரக்கும். 'மோனோ' என்பது அந்த ஒரு தாய்ச்செல்லைச் சொல்கிறது, போய் ஒட்டும் இலக்கை அல்ல.

எம்75ஐ எடுத்துக்கொள்வோம். பிராட்டிஸ்லாவாவின் வைரஸ் ஆய்வகத்தில் உருவான எலி எதிர்ப்பொருள், 1992இல் வெளிவந்த கட்டுரையில் வருகிறது. அது பிடித்த புரதத்துக்கு அப்போது எம்என் என்றுதான் பெயர். அதன் மரபுவரிசையைப் படித்த பிறகுதான் அது கார்பானிக் அன்ஹைட்ரேஸ் குடும்பத்து நொதி என்று தெரிந்தது. இன்று அதன் பெயர் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் 9, சுருக்கமாக சிஏ9. நொதி இன்னதென்று தெரியும் முன்பே அதைக் காட்டும் கருவி கையில் இருந்திருக்கிறது!

இந்தக் குடும்பத்து நொதிகளின் வினைப்பகுதி ஒன்றுக்கொன்று ஒத்திருக்கும். இதே குடும்பத்து சிஏ2 சிவப்பணுவிலேயே இருக்கிறது. முழு சிஏ9 புரதத்தையும் ஊசியில் ஏற்றி எடுத்த பாலிகுளோனல் சீரத்திலும் இலக்கு ஒன்றுதான். ஆனால் அதில் பல செல்வழிகளின் எதிர்ப்பொருள்கள் கலந்திருப்பதால், சில போய்ப் பங்காளி நொதிகளையும் பிடிக்கக்கூடும். எம்75 பிடிப்பதோ சிஏ9இன் முனையில் உள்ள, மற்றப் பங்காளிகளிடம் இல்லாத புரோட்டியோகிளைக்கன் (சர்க்கரைச் சங்கிலி கொண்ட புரதம்) போன்ற பகுதியை. அங்கே அதன் பற்றிடம் (எதிர்ப்பொருள் ஒட்டும் இடமான எபிடோப்புக்கு நான் வைத்திருக்கும் சொல்) ஒரே புரதத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. 'ஒற்றை இலக்கு' என்று பெயர் வைத்தால் பாலிகுளோனலுக்கும் அது பொருந்திவிடும்; எம்75க்கோ, எந்த ஒற்றை என்று கேள்வி வரும்.

ஆகவே பெயரில் பிறப்பு வழி தெரிய வேண்டும். 'ஒருகுல' என்பதைத் தொடவே வேண்டாம், காரணம் எல்லோருக்கும் தெரியும். 'ஒருகால்வழி' நல்ல சொல்தான், ஆனால் 'ஒருகால்' என்று பிரித்துப் படித்தால் 'ஒருவேளை' ஆகிவிடும். ஆய்வகச் சாமானுக்கு அந்தச் சந்தேகம் ஆகாது. என் வாக்கு ஒருகொடிவழி எதிர்ப்பொருளுக்கு; கொடிவழி என்றால் வம்சாவளி. பாலிகுளோனல் பல்கொடிவழி ஆகும்.

> எங்கள் பக்கம் 'பிறபொருளெதிரி' என்போம்.

இலங்கை நண்பர் சொல்வது எனக்கும் பிடித்த சொல்தான். சிஏ9 நம் உடலின் சொந்தப் புரதமே என்றாலும், எதிர்ப்பொருள் செய்த எலிக்கு அது பிறபொருள். அதனால் பெயரும் பொருந்துகிறது. ஆனால் 'ஒருகொடிவழிப் பிறபொருளெதிரி' என்று குப்பியின் லேபிளில் எழுத இடம் போதுமா? தமிழ்நாட்டில் எதிர்ப்பொருள் பழகியும் விட்டது. இரண்டையும் அகராதியில் போட்டுவிடலாம்.

> எம்75 கண்டறிவது 'புற்றுநோய் நொதி' தானே?

இதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆக்ஸிஜன் குறைந்த கட்டிகளில் ஹெச்ஐஎஃப் என்ற புரதம் சிஏ9ஐத் தூண்டுகிறது. தெளிசெல் சிறுநீரகப் புற்றில், ஹெச்ஐஎஃபை அடக்கி வைக்கும் விஹெச்எல் மரபணு செயலிழப்பதால் ஆக்ஸிஜன் இருந்தும் தூண்டுகிறது, ஆகவே அந்தத் திசுவில் எம்75 கொண்டு ஏற்றும் சாயம் நன்றாகப் பிடிக்கும். ஆனால் நோயில்லாத இரைப்பைச் சவ்விலும் சிஏ9 இயல்பாகவே உண்டு. சாயம் பிடித்ததெல்லாம் புற்று என்று மாணவர் எழுதிவிடுவார். 'கட்டிசார் நொதி' என்றால் போதும், 'சார்' என்ற ஒட்டு உரிமை கொண்டாடாது.

இன்னொன்று, 'கண்டறி எதிர்ப்பொருள்' என்பதை 'தடுப்பு எதிர்ப்பொருள்' என்று அகராதியில் யாரோ திருத்தியிருக்கிறார்கள். வினைப்பகுதியை விட்டுத் தள்ளி ஒட்டுகிறது எம்75. வெஸ்டர்ன் பிளாட்டிலும் (புரதங்களைப் பிரித்து அடையாளம் காணும் சோதனை) திசு வெட்டிலும் நொதி இருக்கும் இடத்தைக் காட்ட அது போதும், நொதியின் வேலையைத் தடுப்பது வேறு சங்கதி. பழையபடி மாற்றிவிடுங்கள்.

ஹைப்ரிடோமாவை அப்படியே விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். சில செல்வழிகளிலிருந்து மட்டும் வரும் ஒலிகோகுளோனலுக்குத்தான் 'சில்கொடிவழி' சரிப்படுமா என்று இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.