கனடாவிலிருந்து வந்த பழைய ஹொக்கி அட்டைகளின் பெறுமதியை எவ்வாறு அறிவது?

கோண்டாவிலூரான் எழுதியது:

வணக்கம். 1985 ஆம் ஆண்டு மொன்றியலுக்குப் போன என் தாய்மாமா சென்ற வருடம் காலமானார். மாமி அனுப்பிவைத்த அவருடைய பொருள்களுக்குள், ஒரு சப்பாத்துப் பெட்டியில், றப்பர் பட்டி போட்டுக் கட்டிய, வீரர்களின் படம் அச்சிட்ட ஏறத்தாழ 300 ஐஸ் ஹொக்கி அட்டைகள் இருந்தன. பெரும்பாலானவை 1990-91 பருவத்துக்கு உரியவை. சில அதற்கு முந்தியவை. நீலக் கரையுள்ள ஓர் அட்டையில் புகழ்பெற்ற ஹொக்கி வீரர் வெயின் கிறெட்ஸ்கியின் படமும், பின்புறத்தில் 18 என்ற இலக்கமும் உள்ளன. எல்லாவற்றையும் சேர்த்து 20,000 ரூபாவுக்கு வாங்க ஒருவர் கேட்கிறார். லமினேற் செய்து வைத்தால் பழுதாகாது என்று வீட்டில் சொல்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டே இவற்றின் பெறுமதியை அறிய வழி உண்டா?

ஸ்காபரோ வாசகர் எழுதியது:

அன்பின் கோண்டாவிலூரான், மாமாவின் பிரிவுக்கு என் அனுதாபங்கள். இன்னதென்று அறியும்வரை ஓர் அட்டையைக்கூட விற்க வேண்டாம்.

நீங்கள் சொல்லும் அட்டை 1979-80 பருவத்தில் வந்தது. கிறெட்ஸ்கியின் முதல் அட்டை என்பதால் சேகரிப்பவர்கள் அதை 'றூக்கி' அட்டை என்பார்கள். அமெரிக்காவின் ரொப்ஸ் நிறுவனமும், ஒன்ராறியோ மாகாணத்து லண்டன் நகரில் இயங்கிய ஓ-பீ-சீ நிறுவனமும் ஒரே படத்தோடும் ஒரே இலக்கத்தோடும் அதை அச்சிட்டன. பின்புறத்தில் ஆங்கிலத்தோடு பிரெஞ்சும் இருந்தால் அது ஓ-பீ-சீ. விலை கூடியதும் அதுவே. அட்டையின் நிலையைப் பார்த்துப் புள்ளியிடும் நிறுவனங்கள் உண்டு. அப்படிப் பத்துக்குப் பத்து என்று தரமிடப்பட்ட ஓ-பீ-சீ அட்டை ஒன்று 2021 இல் 37.5 இலட்சம் அமெரிக்க டொலருக்கு விலைபோனது. ஆனால் அந்தத் தொகையை உங்கள் அட்டைக்கு அளவுகோலாகக் கொள்ளக்கூடாது. நீலக் கரையில் சிறிது உரிந்தாலும் வெள்ளை தெரிந்துவிடும் என்பதால் குறையில்லாத பிரதிகள் மிக அரிதாகவே கிடைக்கின்றன. முனை மழுங்கி நடுவில் மடிந்த அதே அட்டைக்குச் சில நூறு டொலர்தான் கிடைக்கும்.

எனக்குள்ள ஐயம் வேறு. மாமா வந்தது 1985 இல். அட்டையோ அதற்கு ஆறு வருடம் முந்தியது. பிறரிடம் வாங்கியிருக்கலாம், ஆனால் இந்த அட்டைக்கு மறுபதிப்புகளும் போலிகளும் ஏராளம். நல்ல உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். அசலில் படம் நுண்புள்ளிகளால் ஆனதாகவும், கறுப்பு எழுத்துகள் புள்ளியின்றி ஒரே நிரப்பாகவும் இருக்கும். அட்டையைப் படமெடுத்து மீண்டும் அச்சிட்டதென்றால் எழுத்துகளும் புள்ளிகளாய்ச் சிதறித் தெரியும்.

1990-91 அட்டைகளைப் பற்றி அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். அந்தப் பருவத்தில் ப்றோ செற், ஸ்கோர், அப்பர் டெக் ஆகியவையும் புதிதாகச் சந்தையில் இறங்கி அளவுக்கு மீறி அச்சிட்டன. எல்லோரும் பத்திரப்படுத்தியதால் இன்று எவருக்கும் அவை தட்டுப்பாடில்லை. மாமா மொன்றியலில் வாழ்ந்த முதல் வருடங்களின் அட்டைகளைத்தான் நான் முதலில் தேடுவேன்: 1985-86 ஓ-பீ-சீயில் 9 ஆம் இலக்க மரியோ லெமியூ, 1986-87 இல் 53 ஆம் இலக்க பற்றிக் றுவா. இபேயில் விலை பார்க்கும்போது விற்பவர் கேட்கும் விலையை விட்டுவிட்டு, விற்று முடிந்த விலைகளை மட்டும் பாருங்கள்.

முத்திரை சேர்ப்பவர் எழுதியது:

எனக்கு ஹொக்கி தெரியாது. நாற்பது வருடமாக இலங்கை முத்திரைகளைச் சேர்த்து வருகிறேன். லமினேற் செய்வதை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். பிறப்புச் சான்றிதழுக்கு நாம் செய்யும் வேலைதான், ஆனால் சூட்டில் ஒட்டிய பிளாஸ்ரிக்கைக் கழற்றினால் அச்சும் உரிந்து வரும். சேகரிப்பவர் எவரும் அதை வாங்கமாட்டார். றப்பர் பட்டியை இன்றே வெட்டி எடுங்கள். இழுத்துக் கழற்றினால் விளிம்பு சிதையும். கார்த்திகை மழைக்கு முன்னர் ஒவ்வொன்றையும் பொலிப்புறப்பிலீன் உறையில் இட்டு, சிலிக்கா ஜெல் பொதியுடன் இறுக மூடும் பெட்டியில் வைத்து, நிலத்தில் படாமல் உயரத்தில் வையுங்கள். பிவிசி உறை வேண்டாம். ஈரம் பட்டிருந்தாலும் வெயிலில் காய வைக்காதீர்கள். நிறம் மங்கும், அட்டையும் வளையும்.

கோண்டாவிலூரான் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. தெரிந்த கடிகாரத் திருத்துநரிடம் உருப்பெருக்கி இரவல் வாங்கிப் பார்த்தேன். கிறெட்ஸ்கியின் பெயர் எழுத்துகள் முழுவதும் புள்ளிகளாகவே இருந்தன. ஆனால் பெட்டியின் அடியில் 53 ஆம் இலக்க றுவா தனியாக ஒரு கடித உறைக்குள் இருந்தார். பின்புறத்தில் இரு மொழியும் உண்டு, எழுத்துகளும் நிரப்பாக உள்ளன. ஒரு முனை மட்டும் சிறிது மழுங்கியிருக்கிறது.

ஸ்காபரோ வாசகர் எழுதியது:

கிறெட்ஸ்கி அட்டை அசல் அல்லாமல் போனதற்கு வருந்தாதீர்கள். 1986 வசந்தத்தில் மொன்றியல் கனேடியன்ஸ் அணி வட அமெரிக்க ஐஸ் ஹொக்கியின் உச்சப் பரிசான ஸ்ரான்லி கிண்ணத்தை வென்றபோது கோல் காத்த றுவாவுக்கு வயது இருபது. இறுதிச் சுற்றுகளின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே கிடைத்தது. அந்த நகரத்தில் அந்த வருடம் வாழ்ந்த உங்கள் மாமா அதை மட்டும் தனி உறையில் இட்டது தற்செயலாக இருக்காது. முனை மழுங்கியதால் உயர்ந்த தரம் கிடைக்காது. தரமிடும் கட்டணமும் தபால் செலவும் சேர்த்தால் அங்கிருந்து அனுப்புவது கட்டுப்படியாகாது. கனடாவிலிருந்து வரும் உறவினர் எவரேனும் இருந்தால், மடங்காத பிளாஸ்ரிக் காப்புறை ஒன்று கொண்டுவரச் சொல்லுங்கள். மற்றவற்றைக் கேட்டவருக்குக் கொடுப்பதாயின், றுவா இருக்கும் கடித உறையை வெளியே எடுத்துவிட்டுக் கொடுங்கள்.